திறந்த கதவு

ஆரணி என்றவுடன் பட்டு நெய்யும் ஆரணியே பலர் நினைவுக்கு வரும். அது திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஈண்டுக் கூறப்படும் ஆரணி, திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னேரிக்கு மேற்கே, ஆரணியாற்றின் கரையில் அமைந்த பேரூராகும். ஆந்திர நாட்டு மலைகளில் தோன்றும் அவ்வாறு, ஊத்துக்கோட்டையையும் பெரியபாளையத்தையும் கடந்து இவ்வூரை அடைகின்றது. பின்னர்ப் பொன்னேரி வழியாகச் சென்று பழவேற்காட்டின் அருகே நீர்ப்பரப்பில் கலக்கின்றது. கோடையில் அதனை ஆறு என்பதைவிட மணற்பாதை என்பதே பொருந்தும். ஐப்பசி, கார்த்திகைத் திங்களிலோ அது வேறோர் உருக் கொண்டுவிடும். ஊருக்குக் கிழக்கே சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்குச் செல்லும் பெருஞ்சாலை உண்டு. அதற்கும் கிழக்கே இருப்புப்பாதை உண்டு. வடகிழக்கில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை உள்ளமையால், சரக்கு வண்டிகள் இரவும் பகலும் ஓய்வின்றி அப்பெருஞ்சாலையில் ஓடுகின்றன.

இத்தகைய ஊரில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கின்றான் எனக் கொள்வோம். அவன் பேசுவதில்லை; பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. சுழல்கின்ற சக்கரத்தையும் அலைகின்ற நீரையும் மணிக்கணக்காகப் பார்த்திருப்பான். ஒரு நாள் பிற்பகலில், தாய் சோறு வடித்துக்கொண்டிருந்தபொழுது, தாழிடாத கதவின் வழியே அவன் வெளியே போய்விட்டான். வழியில் அவனைக் கண்டவர் பலர். கண்டும் எவரும் நிறுத்தவில்லை. அவன் இன்னார் மகன் என்பது எவருக்கும் தெரியாது. பிறர் பேச்சுக்கு அஞ்சி, அவனை வீட்டார் வெளியே அழைத்துச் சென்றதே இல்லை. நல்வினைப் பயனாகச் சிறுவன் அன்று கிடைத்துவிட்டான். ஆற்றில் முழங்கால் அளவு நீரே இருந்தது. மறுநாள் பாட்டி செய்த முதல் வேலை, கதவுக்கு ஒரு பூட்டு வாங்கியதாகும்.

பாட்டி செய்தது தவறு என்று எளிதிற் கூறிவிட முடியாது. பிள்ளை உயிரோடு இருத்தல் வேண்டும் என்பதைவிடப் பெரிய வேண்டுதல் எந்த வீட்டில் உண்டு? ஆயினும் அப்பூட்டு அவனை எத்துணை நாள் காக்கும், அவன் வளர்ந்து இளைஞனான பின்னும் காக்குமா என்று கேட்டவர்கள் சிலர் நம் நாட்டில் தோன்றினார்கள். அவர்களுள் முதன்மையாக எண்ணத்தக்கவர் ஒரு தாய். பெயர் மெர்ரி பருவா. அவருடைய பணியை அறிவதற்குமுன், அச்சிறுவனின் இயல்பு யாது என்பதை ஒருவாறு அறிந்துகொள்ளல் நலம்.

இவ்வியல்பினை ஆங்கிலத்தில் ஆட்டிசம் என்பர். ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது அது. தமிழில் ‘மதியிறுக்கம்’ என்றும், ‘புறவுலகச் சிந்தனைக் குறைபாடு’ என்றும் வழங்குகின்றனர். முதற்சொல், மனம் கல்போல் இறுகிவிட்டது என்னும் மயக்கத்தைத் தருகின்றது. இரண்டாவது சொல், நீளத்தால் மட்டுமன்றிப் பொருளாலும் இடர்ப்படுகின்றது. புறவுலகின் ஒலியும் ஒளியும் அக்குழந்தைக்குக் குறைவாகத் தோன்றுவதில்லை, பல வேளைகளில் மிகையாகவே தோன்றுகின்றன. தக்க தமிழ்ச்சொல் வழக்கில் நிலைபெறும்வரை, மக்கள் நாவில் பயிலும் ஆட்டிசம் என்னும் சொல்லே இப்பாடத்தில் ஆளப்படுகின்றது.

ஆட்டிசம் நோயன்று, தொற்றுவதும் அன்று. மூளையின் வளர்ச்சி பிறரிடமிருந்து வேறொரு போக்கில் அமைவதால் உண்டாகும் நிலை அது. அதனை உடையாருள் சிலர் நூல் பல கற்றுப் பெரிய பதவிகளில் அமர்ந்திருக்கின்றனர். சிலர் வாழ்நாள் முழுதும் பேசாதிருக்கின்றனர். பிறர் முகக்குறிப்பை உணர்தலும், தம் கருத்தைப் பிறர்க்கு உணர்த்தலும் அவர்கட்குக் கடினமாக இருக்கும். செய்ததையே திரும்பத் திரும்பச் செய்தலிலும், நாள்தோறும் ஒரே ஒழுங்கிலும் அவர்கள் அமைதி காண்பர். குக்கரின் சீழ்க்கை ஒலி ஒருவனுக்குத் தாங்கொணாத் துன்பமாகும்; தோளில் மெல்லத் தொடுவதே மற்றொருவனுக்குச் சுடுவது போலாகும்.

1943ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மருத்துவராக இருந்த லியோ கானர் என்பவர், 11 குழந்தைகளை ஆராய்ந்து இந்நிலையைப் பற்றி எழுதினார். பின்வந்த அறிஞர் சிலர், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்று சொல்லத் துணிந்தனர். பிள்ளையை எண்ணி உறக்கம் இழந்த தாயரையே குற்றவாளிகள் ஆக்கிய அக்கொள்கை, பல்லாண்டுகள் உலகில் உலவிற்று. பெர்னார்டு ரிம்லாண்டு என்னும் உளநூல் அறிஞர் 1964இல் எழுதிய நூல் அதனை வன்மையாக மறுத்தது. அவரும் இத்தகைய மகனைப் பெற்ற தந்தையே ஆவார். இத்துறையில் கண்ணைத் திறந்துவிட்டவருட் பலர் பெற்றோராகவே இருப்பது கருதத்தக்கது.

இனி, ஆபத்து எங்ஙனம் நேர்கின்றது? ஆட்டிசம் உடைய குழந்தை, வீட்டை வெறுத்து ஓடுவதன்று. விரும்பிய பொருளை நாடியோ, பொறுக்க முடியாத ஓசையை அஞ்சியோ செல்கின்றது. அமெரிக்காவில் 1,200 குழந்தைகளுக்கு மேல் உசாவி 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் நான்கு வயதுக்குப் பின் ஒரு முறையேனும் இவ்வாறு செல்ல முற்பட்டதாகப் பெற்றோர் கூறினர். நெடுநேரம் காணாமற் போனவர்களுள், 100க்கு 65 பேர் வண்டிகளில் அடிபடும் இடருக்கும், 24 பேர் நீரில் மூழ்கும் இடருக்கும் உள்ளானார்கள். அந்நாட்டு இறப்புக் குறிப்புகளைக் கொண்டு 2017இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 15 வயது நிரம்பாத ஆட்டிசக் குழந்தைகள் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு ஏனைக் குழந்தைகளைவிட 160 மடங்கு என்று மதிப்பிட்டது. ஏரியும் குளமும் கிணறும் ஆறும் அருகருகே உள்ள நம் ஊர்களை எண்ணிப் பார்க்கும்பொழுது, இவ்வெண்கள் நெஞ்சை நடுக்குகின்றன.

நீரும் வண்டியுமே ஆபத்து என்பதில்லை. மனிதரின் அறியாமையும் ஆபத்தே. ஆட்டிசம் உடைய இளைஞன் ஒருவன் கடைத்தெருவில் கைகளை ஆட்டிக்கொண்டு நிற்கின்றான். காவலர் ஒருவர், “உன் பெயர் என்ன?” என்று வினவுகின்றார். கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வது அவ்விளைஞனின் இயல்பு. “உன் பெயர் என்ன?” என்கின்றான் அவனும். காவலர் அதனை ஏளனம் என்று கொள்கின்றார். முகம் பார்த்துப் பேசு என்கின்றார், அவன் பார்ப்பதில்லை. கள்ளம் உடையவன் என்று கருதிக் கையைப் பற்றுகின்றார். அவன் அலறி உதறுகின்றான். இதற்குமேல் நடப்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இருவருள் ஒருவரேனும் தீய எண்ணம் உடையவர் அல்லர். கும்மிடிப்பூண்டிப் பகுதியில் வடமாநிலங்களிலிருந்து வந்து உழைப்போர் மிகப் பலர். தமிழறியாதவன் போலும் என்று கருதி, பேசாத சிறுவனை அப்படியே விட்டு அகல்வதும் அங்கு நேரக்கூடும்.

இனி மெர்ரி பருவாவின் வரலாற்றுக்கு வருவோம். அவர் கொல்கத்தாவில் வாழ்ந்தவர். தம் மகனுக்கு ஆட்டிசம் உண்டு என்று 1980களில் அறிந்தார். அக்காலத்தில் அச்சொல்லை அறிந்த மருத்துவரைக் காண்பதே நம் நாட்டில் அரிதாக இருந்தது. அத்தகைய குழந்தையை ஏற்கும் பள்ளியைக் காண்பது அதனினும் அரிது. தில்லிக்குக் குடிபெயர்ந்த அவர், தம்மைப் போன்ற பெற்றோர் சிலருடன் கூடி, 1991ஆம் ஆண்டு ‘ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். தம் மகனுக்கு ஒரு பள்ளி தேடிப் புறப்பட்டவர், நாடு முழுதும் உள்ள பிள்ளைகளுக்காக உழைக்க நேர்ந்தது. வழி கேட்கச் சென்றவரே வழிகாட்டியாகிவிடுதல் சிலருக்கு வாய்ப்பதுண்டு.

1994இல் அவ்வமைப்பு ஒரு பள்ளியைத் திறந்தது. அதற்கு இட்ட பெயர் ‘ஓப்பன் டோர்’. திறந்த கதவு என்பது அதன் பொருள். பல பள்ளிகளின் வாயிலில் நின்று திரும்பிய பெற்றோர் அப்பெயரின் அருமையை அறிவர். அதே காலத்தில் ‘ஆட்டிசம் நெட்வொர்க்’ என்னும் இதழும் வெளிவரலாயிற்று. தொலைவில் உள்ள சிற்றூர்த் தாய் ஒருத்தி, தன் பிள்ளை ஒருவனே இப்படிப் பிறந்தான் என்று எண்ணி மனம் குமைவதை, அவ்விதழ் ஓரளவு தடுத்திருக்கும். பின்னர்த் தில்லியின் ஜசோலா பகுதியில் தேசிய ஆட்டிச மையம் என்னும் கட்டடமும் எழுந்தது.

அவர்கள் செய்தவற்றுள் தனியே குறிக்கத்தக்கது, பெற்றோர்க்கு அளிக்கும் பயிற்சியாகும். தாயோ தந்தையோ தம் குழந்தையுடன் வந்து மூன்று திங்கள் அங்குப் பயில்வர். பிள்ளையைத் திருத்துவது அன்று அப்பயிற்சியின் முதற்பாடம், பிள்ளையை அறிவது. அவன் ஏன் அலறுகின்றான், எவ்வொலி அவனை வருத்துகின்றது, எதனை விரும்புகின்றான் என்பவற்றைப் பெற்றோர் கற்றுக்கொள்கின்றனர். படத்தைக் காட்டி நீர் கேட்கவும், உணவு கேட்கவும், ‘வேண்டாம்’ என்று உணர்த்தவும் குழந்தைக்குப் பழக்குகின்றனர். ‘வேண்டாம்’ என்று உணர்த்தத் தெரிதல் சிறிய செய்தி போலத் தோன்றும். தன்னைத் தீண்டித் தீங்கு செய்ய வருபவனைத் தடுக்கப் பேசாத குழந்தைக்கு உள்ள கருவி அஃதொன்றே.

பள்ளி அமைத்ததைவிட அரிய பணி, சட்டத்தில் ஒரு சொல்லைச் சேர்ப்பித்ததாகும். 1995ஆம் ஆண்டு, உடற்குறையும் மனக்குறையும் உடையோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் ஒன்று நம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. பார்வையின்மை, குறைபார்வை, தொழுநோய் நீங்கியோர் நிலை, செவித்திறன் குறைவு, கைகால் இயக்கக் குறைவு, மனவளர்ச்சிக் குறைவு, மனநோய் என ஏழு நிலைகளை அது குறித்தது. ஆட்டிசம் அப்பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாதவர் அலுவலகத்தின் கண்ணுக்கு உலகிலேயே இல்லாதவர். சலுகை வேண்டிய பெற்றோர், தம் பிள்ளைக்கு இல்லாத மனவளர்ச்சிக் குறைவையோ மனநோயையோ சான்றிதழில் எழுதிப் பெற வேண்டியவர் ஆயினர். மெய்யைச் சொன்னால் உதவி இல்லை. உதவி பெற மெய்யை மறைக்க வேண்டும். இத்தகைய இக்கட்டில் குடிமக்களைச் சட்டமே நிறுத்துதல் கொடிது அன்றோ?

பருவாவும் அவர்தம் தோழர்களும் அமைச்சகங்களின் படிகளில் ஏறி இறங்கினார்கள். 1999ஆம் ஆண்டு இறுதியில் தேசிய அறக்கட்டளைச் சட்டம் பிறந்தது. அதன் பெயரிலேயே ஆட்டிசம் முதற்சொல்லாக இடம்பெற்றது. பெற்றோர் நெஞ்சை அரிக்கும் “எங்களுக்குப் பின் யார்?” என்னும் கேள்விக்கு விடை காண எழுந்த சட்டம் அது. மாவட்ட ஆட்சித்தலைவர் இடம்பெறும் குழு ஒன்று மாவட்டந்தோறும் அமையவும், 18 வயது நிரம்பியோர்க்கு அக்குழு பாதுகாவலரை நியமிக்கவும் அது வழிசெய்தது. ‘நிராமயா’ என்னும் காப்புறுதித் திட்டத்தின்கீழ் ஓர் இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறுவதும் அவ்வறக்கட்டளையின் வாயிலாகவே. ஆயினும் கல்வி, வேலை ஆகியவற்றில் உரிமை தரும் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற மேலும் 17 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், ஏழு நிலைகளை 21 ஆக விரித்து, அவற்றுள் ஆட்டிசத்தையும் பெயர் சுட்டி அடக்கிற்று. வரையறுத்த அளவு குறைபாடு உடைய பிள்ளைகள் 6 வயது முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ தாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கும் உரிமையை அச்சட்டம் தருகின்றது. வன்முறைக்கும் சுரண்டலுக்கும் அவர்கள் ஆளாகாமற் காக்கும் கடமையை அரசின்மேல் சுமத்துகின்றது. 1991இல் பருவா தொடங்கிய வேலைக்கும் இதற்கும் இடையே கால் நூற்றாண்டு கழிந்துவிட்டது. அவ்வாண்டில் பிறந்த குழந்தை, பள்ளிப் பருவத்தை முற்றும் இழந்த பின்பே சட்டத்தின் கண்ணிற் பட்டான் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

தமிழ்நாட்டிலும் இத்துறையில் உழைத்தவர் உண்டு. பல குறைபாடுகள் உடைய மகனின் தாயாகிய பூனம் நடராஜன், சென்னையில் 1985இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். அதுவே இன்று ‘வித்யாசாகர்’ எனப்படுகின்றது. அவர் பின்னர்த் தேசிய அறக்கட்டளையின் தலைவராகவும் விளங்கினார். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனத்தை 2005இல் நடுவண் அரசு அமைத்தது. எழுத்தாளர் யெஸ். பாலபாரதி ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ என்னும் நூலைத் தமிழில் எழுதி, ஆங்கிலம் அறியாப் பெற்றோர்க்கு இப்பொருளை எட்டச் செய்தார்.

காவலர்க்குக் கற்பிக்கும் பணியில் கருதத்தக்கவர் அமெரிக்கராகிய டென்னிஸ் டெபாட். புலனாய்வுத் தொழில் புரிந்தவர். ஆட்டிசம் உடைய மகனின் தந்தை. 1990கள் தொடங்கிக் காவலர்க்கும் தீயணைப்போர்க்கும் ஆட்டிசத்தைப் பற்றிப் பயிற்றுவதையே அவர் தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டார். இத்தகைய பயிற்சியிற் கூறப்படுபவை எளியனவே. குரலை உயர்த்தாமை, ஒரு நேரத்தில் ஒரு வினாவே கேட்டல், விடைக்குப் பொறுத்திருத்தல், தேவையின்றித் தொடாமை, வண்டியின் ஊதொலியை நிறுத்துதல். அறிவதற்கு ஒரு நாட்பொழுது போதும். அறியாமையால் வரும் கேட்டிற்கோ அளவில்லை.

இவற்றையெல்லாம் அறிந்த பின், ஆரணிச் சிறுவனிடம் மீண்டு வருவோம். பாட்டி வாங்கிய பூட்டை வேண்டாம் என்று எவரும் கூறவில்லை. கதவில் ஒரு மணியும் கட்டலாம், திறக்கும்பொழுது ஒலிக்கும். தந்தையின் தொலைபேசி எண்ணைச் சட்டையின் உட்புறத்தில் தைத்து வைக்கலாம். கழுத்தில் அட்டை தொங்கவிட்டால் அவன் அறுத்து எறிந்துவிடுவான். நீந்தக் கற்பித்தல் மிக நன்று. ஆனால் இவையனைத்தினும் மேலான காவல், அவனை ஊர் அறிந்திருப்பதேயாகும். வீட்டுக்குள் மறைத்து வளர்த்த பிள்ளை வீட்டில் இருக்கும்வரையில்தான் காவல் உடையவன். தெரு முனையைத் தாண்டிவிட்டால், அவனைப் போல் காவலற்றவன் எவனும் இல்லை. பள்ளியில் உடன் பயிலும் பிள்ளைகளும், தேநீர்க் கடைக்காரரும், பேருந்து நடத்துநரும் அவனை அறிந்திருந்தால், அத்தனை பேரும் அவனுக்கு வேலியாவர். பருவா தம் பள்ளிக்குத் திறந்த கதவு என்று பெயரிட்டதற்கு இப்பொருளும் கொள்ளலாம்.

ஆகவே அவன் தாய் மாலைதோறும் அவனைக் கைப்பிடித்துக் கடைத்தெருவுக்கு அழைத்துச் செல்கின்றாள் எனக் கொள்வோம். முதலில் சிலர் முறைத்துப் பார்ப்பர். சிலர் அறிவுரை கூறுவர். அறிவுரைக்கு நம் ஊர்களில் என்றும் பஞ்சம் இல்லை. அவள் ஒவ்வொருவரிடமும், “இவனுக்குப் பேச வராது, தண்ணீர் கண்டால் விடமாட்டான், தனியே கண்டால் எங்களுக்குச் சொல்லுங்கள்” என்று கூறி வருகின்றாள். காவல் நிலையத்தில் அவன் நிழற்படத்தையும் வீட்டு முகவரியையும் கொடுத்து வைக்கின்றாள். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும், 112 என்னும் அவசர எண்ணையும் சமையலறைச் சுவரில் எழுதி வைத்திருக்கின்றாள். தந்தை ஒரு நாள் கூலியை இழந்து, மாவட்டத் தலைநகராகிய திருவள்ளூருக்குச் சென்று, மருத்துவக் குழு அளித்த சான்றிதழைப் பெற்று வருகின்றார். அதில், மனநோய் என்றன்று, ஆட்டிசம் என்றே எழுதியிருக்கின்றது.

கார்த்திகை மாதம் ஒரு நாள், மணி கட்டிய கதவையும் ஏமாற்றி அவன் மறுபடியும் வெளியே போய்விடுகின்றான். இம்முறை தாய் தெருத்தெருவாகத் தேடவில்லை. இத்தகைய பிள்ளையைத் தேடும்பொழுது முதலில் நீர்நிலைக்கே ஓடவேண்டும் என்பதை அவள் அறிவாள். நேரே ஆற்றை நோக்கி ஓடுகின்றாள். பாதி வழியிலேயே எதிரில் தேநீர்க் கடைக்காரர் வருகின்றார். மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு, அதன் பின்சக்கரத்தைக் கையால் அவ்வப்போது சுழற்றியபடி, மெல்ல நடந்து வருகின்றார். அச்சக்கரத்தின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் சிறுவன் அவர் பின்னே வந்துகொண்டிருக்கின்றான்.